எளிய சுருக்கம்

“புரியல” என்றார் லிஃப்ட் மெக்கானிக். இது நாலாவது தடவை.

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்த சத்தம் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும்.

“எதுங்க புரியல?”

“ ‘மருந்து உட்கொள்ளும் ஒழுங்கு’ன்னு போட்டிருக்கீங்க. என்ன ஒழுங்குன்னு தெரியல.”

“மாத்திரையைச் சொன்னபடி சாப்பிடறதுங்க. இதுகூடவா?”

“அப்ப அப்படியே எழுதிடுங்களேன்.”

டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

மணி மூணு. நாலு மணிக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். குடும்ப மருத்துவர்களுக்கென்று வருஷத்துக்கு ஒரு தடவை தருகிற சின்ன ஆராய்ச்சி உதவித்தொகை. பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத தொகைதான். ஆனால் டாக்டரம்மாவுக்கு அது கிடைத்தே ஆக வேண்டும்.

மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண், வாரத்துக்கு ஒன்று போட வேண்டிய மூட்டுவலி மாத்திரையை தினம் ஒன்றாகப் போட்டு, சாகப் பிழைக்கக் கிடந்து எழுந்தாள். எழுதிக் கொடுத்தது டாக்டரம்மாதான். “புரிஞ்சுதா?” என்று கேட்டதற்கு “புரிஞ்சுது” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். புரியாதவர்கள் ஏன் புரிந்தது என்கிறார்கள்? இதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

இரண்டு தடவை விண்ணப்பித்தார். இரண்டு தடவையும் திரும்பி வந்தது. காரணமும் ஒன்றேதான்: ‘பொதுமக்களுக்கான எளிய சுருக்கம் எளிமையாக இல்லை.’ போதாததற்கு இந்த வருஷம் புதிதாக ஒரு விதி. கிளினிக்குக்கு வருகிற நோயாளி ஒருவர் அந்த ஒரு பக்கத்தைப் படித்துப் பார்த்து, புரிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டும்.

சிஸ்டர்தான் இந்த மெக்கானிக்கைப் பிடித்துக் கொடுத்தார். பிரஷர் பார்க்க வந்தவர், சாயங்கால டோக்கனில் முதல் ஆள். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிற மனுஷர் என்று சிபாரிசும் செய்தார்.

மனுஷர் தாளை வாங்கிக்கொள்வார். “இங்க வெளிச்சம் பத்தல, வெளிய வச்சுப் படிச்சிட்டு வரேன்” என்று போவார். பத்து நிமிஷம் கழித்து வந்து “புரியல” என்பார்.

ஐந்தாவது தாளோடு அவர் வெளியே போனதும் சிஸ்டர் மெதுவாக ஆரம்பித்தார்.

“மேடம், வேற ஆளைக் கூப்பிடட்டுமா? எங்க காட்டினாலும் கையெழுத்துப் போடறவங்க பெஞ்ச்ல எட்டுப் பேர் இருக்காங்க.”

“வேண்டாம். இவருக்குப் புரிய வச்சிட்டுத்தான் மறுவேலை.”

“மணி மூணேகால் ஆயிடுச்சு.”

“ஆகட்டும். மூணாவது தடவையும் திருப்பி அனுப்பினாங்கன்னா, அதுக்குக் காரணம் இந்தப் பக்கமா இருக்கக் கூடாது.”

கதவு திறந்தது. டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

“இப்ப என்ன?”

“ ‘காரணிகள்’னா?”

“காரணம்ங்க, காரணம்! பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். நாலு மணிக்கு இதை அனுப்பணும், தெரியுமில்ல? விளையாடறீங்களா?”

அவர் தாளை நீட்டியபடி அப்படியே நின்றார்.

டாக்டரம்மா முழுப் பக்கத்தையும் அழித்தார். பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், வாயால் சொல்லிப் பார்த்துப் பார்த்து அடித்தார். பிரிண்டரிலிருந்து சூடாக வந்த தாளில் இப்படி ஆரம்பித்தது:

‘மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்வது சிலருக்குப் புரிவதில்லை. ஆனாலும் புரிந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஏன் என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறோம்.’

இந்தத் தடவை ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார். “இப்ப புரியுது” என்று சொல்லி, கேட்காமலே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மூணு ஐம்பதுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

பிரஷர் பட்டையை அவர் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். “ஒரு பக்கத்தைப் புரிஞ்சுக்க ஆறு தடவை. நீங்கல்லாம் லிஃப்டை எப்படித்தான் ரிப்பேர் பண்றீங்களோ?”

“எனக்கு முதல் தாளே புரிஞ்சுது, டாக்டரம்மா.”

டாக்டரம்மாவின் கை நின்றது. “அப்புறம் எதுக்கு என் உயிரை வாங்கினீங்க?”

“வெளிய பெஞ்ச்ல இருக்கறவங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்களுக்குத்தான் புரியல.”

“அதை அவங்களே உள்ள வந்து சொல்றதுக்கென்ன?”

“கூப்பிட்டுப் பாத்தேன். ஒருத்தரும் எந்திரிக்கல. புரியலன்னு சொன்னா நீங்க திட்டுவீங்களாம், அதனால எப்பவும் புரிஞ்சுதுன்னு தலையாட்டிட்டுப் போயிடுவாங்களாம். சரி, இன்னிக்கு ஒரு நாள் எல்லார் திட்டையும் நானே வாங்கிக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன்.”