கூப்பிட்டால் வரும்

செண்பகம்தான் தமிழீழத்தின் தேசியப் பறவை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து, குணநாயகத்தின் மகள் நிறைமதி வேலியோரத்தில் நடந்து திரிந்த சோடியைத் தன்னுடையது என்றே சொல்லிக்கொண்டாள். இரண்டையும் வரைந்து, கண்களுக்குச் சிவப்புத் தீட்டிச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

மாரி தொடங்கியதும் அவளுக்கு முட்டு இழுத்து மூச்சுத் திணறியது. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் மருந்து வரவில்லை. செண்பக இறைச்சி கொடுத்தால் இழுப்பு நிற்கும் என்று ஊரே சொல்லும். அவள் அயர்ந்து தூங்கிய ஒரு மத்தியானம், குணநாயகம் கண்ணி வைத்துவிட்டு, பற்றைக்குப் பின்னால் குந்தியிருந்து, அதன் குரலிலேயே "உக்... உக்..." என்று கூப்பிட்டார். ஒன்று நடந்தே வந்தது.

கோழிச் சூப்பு என்று சொல்லித்தான் கொடுத்தார். இழுப்பு நின்றது. சூப்பாலா, மழை விட்டதாலா, யாருக்குத் தெரியும்.

எழும்பி முற்றத்துக்கு வந்ததும் அவள் வேலியைத்தான் பார்த்தாள்.

"அப்பா, ஒண்டுதான் நிக்குது. மற்றது எங்க?"

"இரை தேடப் போயிருக்கும், பிள்ளை."

"பாவம், தனிய நிக்குது. நீங்கள் அதுமாதிரிக் கத்துவீங்களெல்லோ? ஒருக்காக் கூப்பிடுங்கோவன், மற்றது வரும்."

தொண்டையைச் செருமினார். அவள் கையைப் பிடித்து உலுக்கவும், மெல்லக் கூப்பிட்டார்.

வேலியில் நின்றது தலையைத் திருப்பியது. இறங்கி, ஈரமண்ணில் நடந்து, அவரை நோக்கி வந்தது.

"அசையாதேங்கோ அப்பா, பயந்திடும்" என்றாள் மகள் இரகசியமாக.

அது பயப்படவில்லை.