அனல்

பிரசவ வலியில் துடித்த தங்கை ஜெனோவாவைப் பின்னால் கிடத்தி, பழைய ஜீப்பைக் கடற்கரை மணல் வழியே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள் ரெஜினாள். பாதி வழியில் வெப்பமுள் சிவப்பை நெருங்கியது.

"இஞ்சின் வெந்துரும் மயினி, திரும்பிருவோம்" என்றான் ஜெனோவாவின் கணவன் மிக்கேல்.

ரெஜினாள் வண்டியை நிறுத்தி இறங்கி, சக்கரங்கள் மணலில் புதையாதிருக்க நான்கு டயர்களிலும் பாதிக் காற்றை இறக்கினாள். ஏறியதும் ஹீட்டரை முழுதாகத் திருகினாள். உச்சி வெயிலில் அனல் முகத்தில் அறைந்தது.

"பைத்தியமா ஒங்களுக்கு?"

"இஞ்சின் சூட்ட நாம வாங்கிக்கிட்டாத்தான் வண்டி நிக்காது."

ஜெனோவா பல்லைக் கடித்தபடி, "ஓட்டுக்கா" என்றாள்.

முள் மெல்ல இறங்கியது. மிக்கேல் சட்டையைக் கழற்றி மனைவியின் நெற்றியைத் துடைத்தான். தார்ச்சாலை இன்னும் கண்ணில் படவில்லை. ரெஜினாள் வேகத்தைக் குறைக்கவேயில்லை.