துணிக்குக் காவல்

காலையில் தென்காசிக் கோயிலைக் காட்டிவிட்டு, பதினோரு மணிக்கு ஐந்தருவிக்குக் கூட்டி வருவது சண்முகநாதனின் வேலை. அரைநாள் சுற்றுலா. அன்று வேனில் திருவேங்கடத்துக்காரர்கள் ஒன்பது பேர். எல்லாரும் அருவிக்குப் போய்விட, அவர்களுடைய செல்போனுக்கும் மாற்றுத்துணிக்கும் அவர்தான் காவல்.

மூன்று வருஷமாக அவர் மேல் ஒரு சொட்டு அருவித் தண்ணீர் பட்டதில்லை. முன்பெல்லாம் அவர் குளிக்கப் போனால் மனைவி முத்துவடிவு கரையில் இருந்து துணியைப் பார்த்துக்கொள்வாள். அவள் செத்தபின் துணிக்கு ஆள் ஏது?

"நீங்க போயிக் குளிங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றது பின்னால் ஒரு பெண்குரல். வேனில் வந்த யாரோ ஒரு அம்மா சீக்கிரமே குளித்துவிட்டு வந்துவிட்டார் என்று நினைத்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். ஆசை தீரக் குளித்தார்.

வந்து பார்த்தால் கரையில் யாரும் இல்லை. ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. ஒன்பது பேரும் அவருக்குப் பின்னால்தான் ஈரம் சொட்டச் சொட்ட வந்தார்கள்.

"துணிகிட்ட யாரு இருந்தா?"

"நாங்க எல்லாரும் தண்ணியிலல்லா நின்னோம், அண்ணாச்சி."

அவருடைய சட்டை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பொத்தான் போன இடத்தில் அவர் குத்தியிருந்த ஊக்கு பைக்குள் கிடந்தது. அங்கே புதுப் பொத்தான் ஒன்று கறுப்பு நூலில் தைக்கப்பட்டிருந்தது. வெள்ளைச் சட்டையானாலும் முத்துவடிவுக்குக் கறுப்பு நூல்தான்.

மறுநாள் காலை வேனுக்குக் கிளம்புமுன், சண்முகநாதன் கண்ணாடி முன் நின்று இன்னொரு பொத்தானைப் பிய்த்தெடுத்தார்.