இரண்டாவது சீட்டு

வாக்குப்பதிவு முடிய ஒரு மணி நேரமே இருந்தது. மாமனார் குல்தாத் கான் அடுக்களை வாசலில் வந்து நின்று இருமினார்.

"யாசினோட அம்மா, புர்காவ எடுத்து மாட்டும்மா. ஓட்டுப் போடப் போகணும்."

துர்கானையின் கை பிசைந்த மாவிலேயே நின்றுவிட்டது.

பத்து நாளைக்கு முன்புதான் ஊர்ப் பெரியவர்கள் கூடிய ஜிர்காப் பஞ்சாயத்தில் இதே மனிதர், போட்டியிடும் எல்லாத் தரப்பினரோடும் சேர்ந்து கைநாட்டு வைத்திருந்தார். நம் ஊர்ப் பெண் எவளும் வாக்குச்சாவடியை மிதிக்கக் கூடாது. வழிவழியாக வந்த வழக்கம்.

இன்று மதியம் சட்டம் தெரிந்த ஒருவன் அவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டான். விழும் வாக்குகளில் பத்தில் ஒன்றாவது பெண்களுடையதாக இல்லாவிட்டால் தேர்தலே செல்லாமல் போகலாம். தலைவர் பதவிக்கு நிற்பதோ மாமனாரின் மூத்த மகன்.

"அடையாள அட்டை வேணுமே, பாபா?"

கிழவரின் முகம் சுருங்கியது. இந்த வீட்டுப் பெண்ணின் முகம் எந்தக் கேமராவிலும் விழாது என்று, அட்டை எடுக்க விடாதவர் அவர்தான்.

துர்கானை மாவுப் பீப்பாய்க்குள் முழங்கை வரை கையை விட்டாள். பிளாஸ்டிக் பையில் சுற்றிய அட்டை வெளியே வந்தது.

அடுப்பருகே இருந்த ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவர் அட்டையைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"திட்டுறத நாளைக்கு வச்சுக்கறேன். இப்ப நட."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. வீட்டு ஆண்களே பெண்களை அவசரப்படுத்தி அனுப்பினார்கள். ஒருத்தியின் அட்டை தொட்டில் மெத்தைக்கு அடியிலிருந்து வந்ததாம், இன்னொருத்தியுடையது தையல் பெட்டியிலிருந்து. புர்காக்களுக்குள் சிரிப்பு ஓடியது. கடந்துபோன ஒவ்வொருத்தியும் துர்கானையின் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

மாமனார் மூச்சிரைக்கப் பக்கத்தில் நடந்தபடியே பாடம் நடத்தினார். "முதல் சீட்டுல வாளிச் சின்னம். மறந்துடாத. ரெண்டாவது சீட்டு பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்குன இடத்துக்கு. அதுல நான் கண்ண மூடிக்கிட்டு ஒண்ணுல குத்துனேன். நீயும் எதுலயாவது குத்து."

"சரி, பாபா."

ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் இருக்கையில் பெண் அலுவலர் இரண்டு சீட்டுகளை அவளிடம் நீட்டினார்.

மறைப்புக்குள் போனதும் துர்கானை முகத்திரையை உயர்த்தினாள். முதல் சீட்டில் வாளியின் மேல் அழுத்திக் குத்தினாள்.

இரண்டாவது சீட்டை விரித்தாள்.

மூன்று பெயர்கள் இருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தாள். நடுவில், வீட்டுக்கு வெளியே எந்த ஆணும் உச்சரித்திராத ஒரு பெயர்.

துர்கானை.