ஞாயிற்றுக்கிழமை வேலை

“பூசைக்குக்கூட வராம மில்லுக்கு ஓடுறீங்களே, அதையே கட்டிக்கினு இருந்திருக்கலாமே?” என்றாள் ரெஜினா.

“அதுக்கு மீன்கொழம்பு வைக்கத் தெரியாதே!” சிரித்துக்கொண்டே பைக்கைக் கிளப்பினான் சேவியர்ராஜ்.

மறுநாளே மாரடைப்பு அவனைக் கொண்டுபோனது. அடக்கம் முடிந்த பிறகு, அரிசி மில் மேஸ்திரி ஆதிமூலத்திடம் பொருமித் தீர்த்தாள்.

“ஞாயித்துக்கிழமைகூட அவர வுடலியே அண்ணே!”

“நாங்க எங்கம்மா கூப்ட்டோம்? வாரத்துக்கு நாப்பத்தெட்டு மணி நேரம் ஆவணும். உன் ஆஸ்பத்திரி டூட்டி முடியறப்ப உன்ன ஏத்திக்கினு போவணும்னு, தினம் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிடுவான். அந்த ஆறு மணி நேரத்த ஞாயித்துக்கிழமை ஈடுகட்டுவான்.”

“அவருக்கும் நாலு மணிக்கு முடியும்னாரே!”

“அஞ்சு மணிக்கும்மா.”



ரெஜினாவின் டூட்டி இன்றும் நான்கு மணிக்குத்தான் முடிகிறது.