சரிபாதி

"ரெண்டுல எது மருந்து, சிஸ்டர்?"

சலவைக்கடையின் பின்னறை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். அதைச் சொல்லத்தான் நான் வந்திருந்தேன். முடிவுத் தாள் என் பையில் இருந்தது.

அவளுக்கு இரண்டு பெண்கள். இருவருக்கும் பிறவியிலேயே ஒரே நோய். நுரையீரலில் சளி பசைபோல் இறுகி, அதில் கிருமிகள் குடியேறிவிடும்.

உடம்பில் வைட்டமின் டி போதுமான அளவு இருந்தால், மூச்சுக்குழாயே கிருமிகளைக் கொல்லும் பொருளைச் சுரக்கும் என்பது எங்கள் டாக்டர்களின் நம்பிக்கை. இந்தக் குழந்தைகளின் குடலோ அந்த வைட்டமினைச் சரியாக உறிஞ்சாது.

அதற்காகத்தான் ஓராண்டு ஆராய்ச்சி. வழக்கமான மருந்துகளோடு பாதிக் குழந்தைகளுக்குக் கூடுதலாக வைட்டமின் சொட்டு. மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய். பாட்டிலில் எண் மட்டும்தான் இருக்கும். எது யாருக்கு என்று எங்களுக்கே தெரியாது.

பத்தாம் மாதம் சின்னவள் நிமோனியாவில் போய்விட்டாள். எட்டு வயது. ஊசி போடும் முன் நாலு கேள்வியாவது கேட்பாள். வார்டில் அவளுக்கு 'வக்கீலம்மா' என்றே பெயர்.

நான் பையைத் திறப்பதற்குள் தாய் மறுபடி பேசினாள்.

"நான் ஒரு காரியம் பண்ணிட்டேன், சிஸ்டர். ஒருத்திக்கு மருந்து, இன்னொருத்திக்கு வெறும் எண்ணெயின்னு ஆயிட்டா? பெத்தவ நான் எப்படி என் கையால ஊத்துவேன்? பாட்டில் வந்த அன்னிக்கே ரெண்டையும் ஒண்ணாக் கலந்துட்டேன். ஆளுக்குச் சரிபாதி."

அக்கா தங்கை இருவரின் ரத்தத்திலும் வைட்டமின் ஏறக்குறைய ஒரே அளவு இருந்ததைக் காலையில்தான் பார்த்திருந்தேன். லேபில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"யாரு பங்க எடுத்து யாருக்குக் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடுங்க."

அவள் கண்கள் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"பெரியவளோட பாட்டில்லதான் மருந்து இருந்துச்சு" என்றேன்.

அவள் சுவரோடு சாய்ந்தாள். இரண்டு மாதமாகத் தூக்கிப் பிடித்திருந்த தோள்கள் மெல்ல இறங்கின.

"அப்போ சின்னவளுக்கும் பாதி கெடச்சிருக்கு. நான் கலக்கலேன்னா அதுவும் இல்லாமப் போயிருப்பா."

"ஆமா" என்றேன்.

முழு மருந்து கொடுத்திருந்தாலும் அவள் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். அந்த அறையில் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் பத்துச் சட்டை முடிக்க வேண்டுமாம்.

தெருமுனைக்கு வந்ததும் தாளை எடுத்தேன். சின்னவளின் எண்ணுக்கு நேரே 'வைட்டமின் டி' என்று அச்சாகியிருந்தது.

அடியில் ஒரு கட்டம். 'பெற்றோரிடம் தெரிவிக்கப்பட்டது.'

டிக் அடித்தேன்.