மூன்றாவது கையெழுத்து

"கையெழுத்து பொருந்தலைம்மா."

லேப்டாப் திரையில் இருந்த வங்கி அதிகாரி, 'பஸ் போயிடுச்சு' என்பது போல அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்.

பென்ஷன் கணக்குக்கான வீடியோ சோதனை நடக்கும்போது வாடிக்கையாளர் அறையில் தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்ற மகன் உள்ளே பாய்ந்தான்.

"இது ரெண்டாவது தடவை மேடம்! இவங்க என் அம்மாதான். நானே சாட்சி. போதாதா?"

"நீங்க அவங்க மகன்தான்னு எனக்கு யார் சார் சாட்சி?"

மகனும் ஒரு இன்ஸ்பெக்டர்தான். போலீஸ் அல்ல, தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். மயிரிழை பிசகின பாகத்தையும் இரக்கமில்லாமல் தள்ளிவிடுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர் 'சல்லடை'.

"வீடியோவுல இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் சார். வெள்ளிக்கிழமை கூப்பிடறேன். அதுவும் பொருந்தலைன்னா அம்மா நேர்ல கிளைக்கு வரணும். வரலைன்னா பென்ஷன் கணக்கு முடங்கிடும்."

திரை அணைந்தது.

"நேர்ல வரணுமாம்! என்னமோ பக்கத்துத் தெருவுல இருக்கிற மாதிரி! கடல் தாண்டி உட்கார்ந்திருக்கோம்."

அம்மா, தூங்கிக்கொண்டிருந்த பேத்தியின் பிஞ்சு விரலைப் பிடித்து நகம் வெட்டத் தொடங்கினாள். ஒரு காலத்தில் தலைமை நர்ஸ். பிறந்த குழந்தைக்கே நரம்பு தேடி ஊசி போட்ட கை.

"ஏம்மா, ஆயுசு பூரா ஆஸ்பத்திரியில போட்ட கையெழுத்துதானே? இப்ப என்ன வந்துச்சு?"

"வயசாச்சுல்லப்பா. கேமராவைப் பார்த்தாலே கை உதறுது."

மருமகளுக்குக் கவலை வேறு. "அத்தை கிளம்பிட்டா பாப்பாவை யாருங்க பாத்துக்குவா? காப்பகத்துல இடம் கேட்டா, பிறக்கிறதுக்கு முன்னாடியே பதிஞ்சிருக்கணும்கிறான்."

"யாரும் எங்கேயும் கிளம்பலை. வெள்ளிக்கிழமை அம்மா ஒழுங்கா போட்டுடுவாங்க."

பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று சொல்லித்தான் அம்மாவை அழைத்து வந்தான். 'டிக்கெட் எப்பப்பா?' என்று அவள் கேட்டபோது, குழந்தை தவழட்டும் என்றான். தவழ்ந்தது. நடக்கட்டும் என்றான். நடந்தது. இப்போது சோபாவிலிருந்து குதிக்கிறது. பேசட்டும் என்று கடைசியாகச் சொல்லி வைத்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை வரை, வேலை முடிந்து வந்ததும் அம்மாவை உட்கார்த்திவைத்து, எழுதப் பழகும் பிள்ளையைப் போல கையெழுத்துப் போடச் சொன்னான். பாஸ்போர்ட்டை அருகில் வைத்துத் திருத்தினான். "வாலை இன்னும் கொஞ்சம் நீட்டும்மா." அம்மா நீட்டினாள். போதுமான அளவுக்கு மட்டும் நீட்டவில்லை.

வெள்ளிக்கிழமை கதவு சாத்தப்பட்டது. அவன் காது கதவில் ஒட்டியது.

பிறந்த தேதி கேட்டாள் அதிகாரி. கணவர் பெயர் கேட்டாள். பிறகு, "கடைசியா எப்பம்மா ஊர்ல இருந்தீங்க?"

"ரெண்டரை வருஷமாச்சும்மா."

"வீட்டை யார் பாத்துக்கறாங்க?"

"பூட்டு பாத்துக்குது."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, பாதியில் நின்றது.

"சரிம்மா, கையெழுத்துப் போட்டு, பேப்பரைக் கேமராவுக்கு நேரா காட்டுங்க."

பேனா கீறுகிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. போன தடவைகளைவிட நீண்ட மௌனம்.

"பொருந்தலைம்மா. நீங்க நேர்லதான் வரணும். மகனைக் கூப்பிடுங்க."

மகன் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை.

"வயசானவங்களை இப்படி அலைய விடறீங்களே, உங்களுக்கெல்லாம் இரக்கமே கிடையாதா?"

"விதி சார்."

"போனா எத்தனை நாள்ல முடியும்?"

"அவங்க வந்தப்புறம்தான் சொல்ல முடியும். திரும்பி வர்ற டிக்கெட்டை மட்டும் இப்பவே போட்டுடாதீங்க சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு போகிற டிக்கெட்டை மட்டும் போட்டான்.

மறுநாள் அம்மா பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க, அவன் வங்கியின் தலைமை அலுவலகத்துக்குப் புகார் அடித்துக்கொண்டிருந்தான். தரம் பார்க்கிறவன் ஆதாரம் இல்லாமல் புகார் எழுதுவானா? மூன்று தடவையும் போட்ட காகிதங்களைத் தேடி எடுத்து, பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தான். தொழில் புத்தியில் உற்றுப் பார்த்தான்.

முதலாவதில் தலை சாய்ந்திருந்தது. இரண்டாவதில் வால் அறுந்திருந்தது. மூன்றாவது...

"அம்மா! இங்க பாரு! மூணாவது அச்சு அசல்! ஒரு புள்ளி பிசகலை! இது தெரியலையா அவளுக்கு? கண்ணு அவிஞ்சு போச்சா? வேலையை விட்டே தூக்க வைக்கிறேன் பாரு!"

அவன் விரல் 'அனுப்பு' பொத்தானுக்குப் போனது.

"வேண்டாம்டா."

"ஏன்?"

அம்மா பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். கை கொஞ்சமும் உதறவில்லை.

"முதல் ரெண்டையும் நான்தான் வேணும்னே கோணலாப் போட்டேன். மூணாவது தடவை பேச்சு சுவாரசியத்துல கவனம் தப்பிடுச்சு. பழக்க தோஷம், கை சரியாப் போட்டுடுச்சு. போச்சு, இனி பாப்பா காலேஜ் போனப்புறம்தான் எனக்கு ஊர்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு கையெழுத்தைப் பார்த்தா. என் முகத்தைப் பார்த்தா. அதுக்கப்புறம்தான்டா, பொருந்தலைன்னு சொன்னா."